பதிமூன்றாம் மாதத்துப் பிள்ளை

எத்தியோப்பியாவிலிருந்து நைரோபிக்குக் குடிவரும் எவருக்கும் முதல் மாதம் இரண்டு பேர் வேண்டும். வீடு பிடித்துத் தர ஒரு தரகர்; அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று கூடவே வந்து ஸ்வாஹிலியில் பேசித் தர நான். தரகர் ஒரு மாத வாடகையைக் கூலியாக வாங்கிக்கொள்கிறார். அவரை எல்லோரும் 'சார்' என்கிறார்கள். நான் ஒன்றும் வாங்குவதில்லை. 'யெஷியக்கா கடையில சும்மாதானே இருக்கா, கூப்பிட்டா வருவா' என்கிறார்கள்.

நான் சும்மா இருப்பதில்லை. புளித்த மாவில் எங்கள் நாட்டுத் தோசையான இஞ்செரா சுட்டு விற்கிறேன். பதினெட்டு வருஷமாக அதே சந்தில், அதே அடுப்படியில். அடுப்பில் எனக்குத் துணை அபெராஷ். போன வருஷம் எங்கள் நாட்டுத் தெஸ்ஸியே ஊரிலிருந்து புருஷனோடும் ஒரே மகளோடும் வந்தவள். கை வேகம், வாய் கிடையாது. அவள் பங்குக்கும் சேர்த்துப் பேசவென்றே கடவுள் அவளுக்குப் புருஷனாகத் தெமிஸ்ஸேயைக் கொடுத்திருந்தார்.

தெமிஸ்ஸே ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே ஒரு மின்சாமான் கடையில் பல்பு விற்கிறான். பல்பு விற்றாலும் வாத்தியார் வாத்தியார்தான். யாராவது வந்து ஐந்து பல்பு கேட்டால், வீட்டில் எத்தனை அறை, ஒவ்வொரு அறையும் எத்தனை சதுர அடி என்று விசாரித்து, மூன்றே போதும் என்று நிரூபித்து அனுப்பிவிடுவான். அந்த முதலாளி இவனை இன்னும் வைத்திருப்பது எனக்குப் புரியாத விஷயங்களில் ஒன்று.

மகள் மெக்லித்துக்கு ஏழு வயது. ஊரில் ஒன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். எட்டு மாதமாக என் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். டிசம்பர் கடைசியில் அபெராஷ் என்னிடம் முதன்முறையாக ஒன்று கேட்டாள்.

"அக்கா, ஜனவரியில பள்ளிக்கூடம் திறக்குது. இவள ரெண்டாங்கிளாஸ்ல சேத்துவிட்டுடுங்க. இப்படியே விட்டா வெங்காயம் உரிக்கிறதுல பட்டம் வாங்கிருவா."

பள்ளிக்கூடம் என் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அங்கே அலுவலகத்தில் இருக்கும் கெமுந்தோ மத்தியானத்தில் என் கடையில்தான் சாப்பிடுவாள். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

நான் மாவு கரைத்துவிட்டு வருவதற்குள் தெமிஸ்ஸே முன்னால் போய்ப் படிவத்தை வாங்கித் தானே நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். நான் உள்ளே நுழைந்தபோது கெமுந்தோ அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சோற்றில் கல் கிடைத்தவள் முகத்தோடு இருந்தாள்.

"அக்கா, இங்க பாருங்க. பிறந்த தேதி மூணு. மாசம் பதிமூணு. வருஷம் ரெண்டாயிரத்து ஒம்பது. உங்க ஆளுக்கு மாசம் எத்தனைன்னு தெரியாதா? கணக்கு வாத்தியார்னீங்க?"

எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. எங்கள் வருஷத்துக்குப் பதிமூன்று மாதம். முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம் போக, மிஞ்சும் ஐந்து நாளையும் வீணாக்காமல் 'பகுமே' என்று ஒரு குட்டி மாதம் வைத்திருக்கிறோம். மெக்லித் பிறந்தது பகுமே மூன்று, ருஃபாயேல் திருநாள். அன்றைக்குப் பெய்யும் மழையில் நனைந்தால் புண்ணியம் என்று ஊரே தெருவில் நிற்கும். ஆண்டுக் கணக்கும் உலகத்தைவிட ஏழெட்டு வருஷம் பின்னால் போகிறது. எங்கள் ரெண்டாயிரத்து ஒன்பது பகுமே என்றால் இவர்களுக்கு ரெண்டாயிரத்துப் பதினேழு செப்டம்பர்.

இதைக் கெமுந்தோவிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு ஆசிரியைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"பதிமூணு மாசமா? அப்ப சம்பளம் பதிமூணு தடவை வருமா அக்கா?"

"சிரிக்காதடி. காலையில எட்டு மணிய 'ரெண்டு மணி'ன்னு ஸ்வாஹிலில சொல்ற ஊர் இது. அத நாங்க கேட்டு என்னைக்காவது சிரிச்சமா?"

"அது விடியல்லேர்ந்து எண்றது அக்கா. அதுல ஒரு நியாயம் இருக்கு."

எங்கள் ஊரிலும் மணியை அப்படித்தான் எண்ணுகிறோம். மணியில் நியாயம் இருக்கிறதாம், மாதத்தில் இல்லையாம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் வேலை ஆகவேண்டுமே. புதுப் படிவம் ஒன்று வாங்கித் தெமிஸ்ஸேயிடம் நீட்டினேன்.

"இதுல செப்டம்பர் எட்டு, ரெண்டாயிரத்துப் பதினேழுன்னு போட்டுக் குடுப்பா. முடிஞ்சுது."

அவன் பேனாவை மூடினான்.

"அக்கா, இப்ப என்ன வருஷம்?"

"ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு."

"அது இவங்களுக்கு. நமக்கு?"

"நமக்கு ரெண்டாயிரத்துப் பதினேழு."

"இந்த வருஷம். இன்னும் முடியக்கூட இல்ல. என் பொண்ணு இந்த வருஷம் பிறந்தான்னு நான் கையெழுத்துப் போடணும். ஏழு வயசுப் பொண்ண கையில பிடிச்சுக்கிட்டு, இது கைக்குழந்தைன்னு எழுதித் தரணும். அதானே?"

"இவங்க கணக்குல எழுதறோம்பா."

"கணக்கு ஒண்ணுதான் அக்கா இருக்கு. தப்புக் கணக்குக்கு நான் முப்பத்தி மூணு வருஷம் மார்க் போட்டதில்ல."

அவனுக்கு வயதே முப்பத்தெட்டு. ஐந்து வயதிலிருந்து மார்க் போட்டுக்கொண்டிருந்தான் போலும். இதை அவனிடம் கேட்க வாய் எடுப்பதற்குள் கெமுந்தோ பழைய படிவத்தையே கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்துவிட்டாள். எங்களுக்குப் பின்னால் வரிசையில் இருபது பேர் நின்றிருந்தார்கள். கம்ப்யூட்டரில் பதிமூன்றாம் மாதம் இல்லை. பன்னிரண்டாவதைத் தட்டினாள். பெட்டி ஒரு நொடி யோசித்துவிட்டுப் பதில் சொன்னது.

"வயசு பதினஞ்சு. வகுப்பு ஒம்பது" என்று கெமுந்தோ வாசித்தாள்.

எங்கள் பகுதிப் பள்ளியில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒரே காம்பவுண்டு. மெக்லித் மேசை விளிம்பில் மூக்கை வைத்து, முன்பல் இருக்கவேண்டிய ஓட்டையை நாக்கால் தடவிக்கொண்டு நின்றாள். கெமுந்தோ அவளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள். கடைசியில் திரையை நம்பினாள்.

நான் தலைமை ஆசிரியர் முத்திசோவிடம் போனேன். நல்ல மனிதர். எந்த விஷயத்தையும் இரண்டு பக்கமும் கேட்பார், எதுவும் செய்யமாட்டார்.

"பிள்ளை சின்னதாத்தான் தெரியுது" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா அப்பா கையெழுத்துப் போட்டிருக்காரே. அவர் மாத்தி எழுதிக் குடுத்தா நாங்களும் மாத்திடுவோம். அதுவரைக்கும் பெட்டி சொன்ன வகுப்புல உக்காரட்டும். பள்ளிக்கூடத்துக்குள்ள எங்க உக்காந்தா என்ன?"

"அவங்கம்மா எழுதிக் குடுத்தா?"

கெமுந்தோ குறுக்கே வந்தாள். "அது முடியாது அக்கா. அந்தம்மா பேர்ல ஒரு எழுத்துகூட பொண்ணு பேர்ல இல்ல. அம்மான்னு எப்படி நம்பறது?"

நான் தெமிஸ்ஸேயைப் பார்த்தேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். மொழிபெயர்க்கும்போது எந்தெந்த வார்த்தையை விழுங்குவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவன் மீசையைத் தடவினான்.

"ஒம்பதாவதா? பரவாயில்ல. அவளுக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழாத் தெரியும். சமாளிப்பா."

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஏழு வகுப்பு ஒரே நாளில் தாண்டியதில் இந்த மனிதனுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. வெளியில் கொள்கை, உள்ளே டபுள் பிரமோஷன்.

விஷயத்தைக் கேட்ட அபெராஷ் மாவுக் கரண்டியைக் கீழே வைத்தாள். அன்று புருஷன் தட்டில் விழுந்த இஞ்செரா மட்டும் விளிம்பு முழுக்கக் கருகி இருந்தது. அவள் கையில் ஒன்றுகூடக் கருகி நான் பார்த்ததில்லை.

மெக்லித் ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது, மேசைக்கு மேலே கண் மட்டும் தெரியும். சுற்றிலும் மீசை அரும்பிய பையன்கள். அந்த வகுப்புப் பெண்கள் அவளுக்குத் தினமும் ஒரு தலை அலங்காரம் பண்ணிவிட்டார்கள். திங்கட்கிழமை பின்னல், செவ்வாய்க்கிழமை முடிச்சு. வாத்தியார் கரும்பலகையைத் துடைக்கச் சொன்னால் கீழ்ப் பாதியைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். படிப்பு என்று பார்த்தால் அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் கணக்குத் தேர்வு. மெக்லித் விடைத்தாளில் ஒரு கோழி வரைந்து அதற்கு நான்கு குஞ்சும் போட்டிருந்தாள். வாத்தியார் அதைத் திருத்தி, மதிப்பெண் போட்டு, குறிப்பும் எழுதியிருந்தார்: 'எதிர்பார்ப்புக்குக் கீழே. வயதுக்கேற்ற முதிர்ச்சி இல்லை.' கோழிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கேள்விக்குறி வேறு. தலையைத் தூக்கி அந்தப் பிள்ளையை ஒருமுறை பார்த்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க முடியாது. ஆனால் எண்பது பேர் இருக்கும் வகுப்பில் தலையைத் தூக்க யாருக்கு நேரம்?

தாளைப் பார்த்த தெமிஸ்ஸேக்குக் கோபம் வந்தது. வாத்தியார் மேல் இல்லை.

"வழிமுறையே எழுதல பாரு. விடை தப்பா இருந்தாலும் வழிமுறைக்கு ரெண்டு மார்க் உண்டு."

"கோழிக்கு என்னப்பா வழிமுறை?" என்று கேட்டேன்.

இதெல்லாம் சிரிப்புக்கு ஆகும். சிரிப்புக்கு ஆகாததை ஒரு நாள் நானே பார்த்தேன். ஆசிரியைகளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன், இடைவேளை நேரம். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனி மைதானம். நடுவே சுண்ணாம்பில் ஒரு கோடு. இரண்டாம் வகுப்புப் பெண்கள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். மெக்லித் கோட்டுக்கு இந்தப் பக்கம், கால் விரல் கோட்டில் படாமல் நின்று, அவர்கள் தாண்டும்போதெல்லாம் தானும் நின்ற இடத்திலேயே குதித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டுக்கு உள்ளே போய்விட்டாள். காவலுக்கு நின்ற ஆசிரியை விசில் ஊதினாள்.

"பெரிய கிளாஸ் பொண்ணுங்க இங்க வரக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? போ, உன் வயசுப் பிள்ளைங்களோட போய் நில்லு."

மெக்லித் போய்த் தன்னைவிட இரண்டு மடங்கு உயரமான பெண்களுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர்கள் ஏதோ ஒரு பையனைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் சிரித்தாள். அந்த ஆசிரியையை அல்ல, தெமிஸ்ஸேயைத்தான் விசிலால் அடிக்கவேண்டும் என்று தோன்றியது.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. தெமிஸ்ஸே வேலை முடிந்து என் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் கல்லாவில். அபெராஷ் உள்ளே. மெக்லித் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அப்பா, எங்க கிளாஸ்ல பொண்ணுங்களுக்கு மட்டும் குடுத்தாங்க. பசங்களுக்குக் கிடையாது."

"என்னது?"

"மெத்தை. எட்டு இருக்கு. பாரேன், எவ்ளோ மெத்துனு இருக்கு."

ஒன்றை ஏற்கெனவே பிரித்திருந்தாள். மக்காச்சோளத் தண்டுக்குத் துணி சுற்றிச் செய்த பொம்மை ஒன்று அவளிடம் உண்டு. அந்தப் பொம்மையை அதன்மேல் படுக்கவைத்து, ஓரத்தில் இருந்த பசையை ஒட்டி, விழாதபடி போர்த்தியும் விட்டிருந்தாள்.

மாதவிடாய் அணையாடை. மேல் வகுப்புப் பெண்களுக்குப் பள்ளியில் இலவசமாகக் கொடுப்பது. பொட்டலத்தின்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: மெக்லித் தெமிஸ்ஸே, பெண், வயது பதினைந்து.

தெமிஸ்ஸே சீட்டைப் படித்தான். கையில் பிய்த்த இஞ்செரா துண்டு வாய்க்கும் போகவில்லை, தட்டுக்கும் திரும்பவில்லை. குழம்பு மணிக்கட்டில் வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கியது. மெக்லித் பொம்மையின் தலைமாட்டில் இன்னொரு மெத்தையை மடித்துத் தலையணை வைத்தாள்.

"அக்கா" என்றான் மெதுவாக. "எங்க பெரியக்காவ பதினஞ்சுல கட்டிக் குடுத்தாங்க."

நான் கல்லாப் பெட்டியை மூடினேன்.

"இவள நானே பதினஞ்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். அது ஒரு பெட்டிக்குள்ள இருக்கு. நாளைக்கு யார் வேணா எடுத்துப் படிக்கலாம்."

எழுந்து கை கழுவப் போனான். வெகுநேரம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து அபெராஷ் வந்து, மகளையும் பொம்மையையும் மெத்தைகளையும் ஒன்றாக வாரிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் பள்ளி வாசலில் நின்றான். எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தான். சலவைச் சட்டை, மகளின் கை பிடித்தபடி. புதுப் படிவத்தில் செப்டம்பர் எட்டு, ரெண்டாயிரத்துப் பதினேழு என்று எழுதிக் கெமுந்தோவிடம் கொடுத்தான். முடிந்தது என்று நினைத்தேன். இரண்டாம் முறையாக நினைத்தேன்.

"பெட்டியில ஏத்தினத சும்மா மாத்த முடியாதே" என்றார் முத்திசோ. "பழைய தேதி எப்படி வந்ததுன்னு எழுத்துமூலமா ஒரு விளக்கம் வேணும். கெமுந்தோ, எழுதும்மா. 'என் மகளின் பிறந்த தேதியை நான் பொய்யாகக் கொடுத்தேன்...'"

"பொய்னு போடாதீங்க சார்" என்றேன். "அவங்க ஊருக் கணக்கு அது. என் ஊருக் கணக்கும் அதான். 'தவறுதலாக'ன்னு போடுங்க."

முத்திசோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே எனக்கு உதவத்தான் பார்த்தார்.

"தவறுன்னா அது எங்க தவறா உங்க தவறான்னு விசாரிக்கணும்மா. அதுக்கு வேற படிவம். மேலிடத்துக்குப் போகும், மூணு மாசம் ஆகும். பொய்னா அப்பாவோட போயிடும். இங்கயே, இப்பவே முடிச்சிடலாம். பிள்ளை இன்னைக்கே ரெண்டாங்கிளாஸ்ல உக்காந்துடும்."

இதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ வார்த்தைகளை இனிப்பாக்கியும் காரமாக்கியும் இரண்டு பக்கமும் கொடுத்திருக்கிறேன். இந்த வார்த்தைக்கு எங்கள் மொழியில் வேறு வேஷம் கட்ட எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன்.

தெமிஸ்ஸே தலையாட்டினான்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை வாசலில் வந்து நின்று கையை நீட்டினாள். மெக்லித் அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு குனிந்து, தான் பொய் சொன்னதாக இருந்த காகிதத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தான். வாத்தியார் பழக்கம், ஓரிடத்தில் விட்டுப்போயிருந்த ஒரு முற்றுப்புள்ளியையும் வைத்தான். கையெழுத்துப் போட்டான். கையெழுத்துக்குக் கீழே தேதி என்று இருந்தது. அங்கே பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, உங்களுக்கு இன்னைக்கு என்ன தேதி?"

நமக்கு என்று கேட்கவில்லை. இவர்களுக்கு என்றும் கேட்கவில்லை. உங்களுக்கு என்றான். மூன்று வாரமாக அவன் இதைத்தான் செய்யவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். இப்போது அவன் செய்கிறான். எனக்குத்தான் அழுகை வந்தது.

"பிப்ரவரி மூணு" என்றேன்.

எழுதினான். கெமுந்தோ முத்திரையை எடுத்து, அவன் கையெழுத்தின் மேலேயே குத்தினாள்.